போர்ன் துரையின் முப்பது கூலிகளும் என் ஒரு தோள்பையும்

மே மாச லீவுக்கு ஊருக்கு வரவில்லை, மலைக்குப் போகிறோம் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்க குளிரைத் தவிர என்னடா இருக்கு?" துங்நாத்தில் சிவன் கோயில் இருக்கிறது, பஞ்ச கேதாரத்தில் ஒன்று, 3,680 மீட்டர் உயரத்தில் என்று சொன்ன பிறகுதான் குரல் இறங்கியது. "அப்ப சரி, குழந்தைக்கு மப்ளர் கட்டு" என்று முடித்துக்கொண்டார். குழந்தைக்குப் பதினாறு வயசு ஆகிறது.

டேராடூனில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து போகிறோம். எல்லாருமே மாற்றல் உத்தியோகம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சாப்பிட்டே பழகினவர்கள். அதில் ஒரு நண்பர் புதுசாகக் கேமரா வாங்கியிருக்கிறார். போன ஞாயிறு வந்து, "சார், மலையையும் எடுக்கணும், அந்த மோனால் பறவையையும் எடுக்கணும். எந்த லென்ஸ் வாங்கட்டும்?" என்றார். கையில் ஒரு கால்குலேட்டர் வேறு.

அரை மணி நேரத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவும் செய்தேன். ஆனால் அவர் போன பிறகு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று தோன்றியது. அதனால் இந்தப் பதிவு. நான் படித்தது பி.காம்., ஒளியியல் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் வரவு செலவு தெரியும். லென்ஸுக்குக் கொடுக்கிற காசு ஒரே ஒரு முறைதான் பற்று எழுதப்படும். அதன் எடை இருக்கிறதே, அது மலையில் ஒவ்வோர் அடிக்கும் பற்று. யார் கணக்கில் பற்று என்பதுதான் விஷயம்.

அதைச் சொல்ல ஒரு பெரிய கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது. 1863 வரைக்கும் போகணும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற ஊரில் ஒரு பாங்க் குமாஸ்தா இருந்தார். பெயர் சாமுவேல் போர்ன். 1834இல் பிறந்தவர். (பாங்க் குமாஸ்தா என்றதும் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்.) பகலில் பேரேடு, ஓய்வு நேரத்தில் போட்டோ. 1862இல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் அவர் படங்களும் வைக்கப்பட்டன. அவ்வளவுதான், வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். 1863 தொடக்கத்தில் கல்கத்தா. அங்கிருந்து சிம்லா. நம்மில் எத்தனை பேர் டிரான்ஸ்பர் ஆர்டர் வரும்போதெல்லாம் "பேசாம விட்டுட்டு வேற ஏதாவது செய்யலாம்" என்று நினைத்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குப் புது ஊரில் ஜாயினிங் ரிப்போர்ட் கொடுக்கிறோம்! இந்த ஆள் நிஜமாகவே விட்டார்.

சிம்லாவில் கூட்டாளி சேர்ந்து நடத்திய ஸ்டுடியோதான் பிற்பாடு போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்று பெயர் பெற்றது. கல்கத்தாவில் அது தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1991இல் ஒரு தீ விபத்தில் பழைய சேகரம் பெரும் பகுதி போயிற்று. 2016இல் கடையே மூடப்பட்டது. ஆனால் போர்ன் இந்தியாவில் இருந்தது ஏழெட்டு வருஷம்தான். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். நம்ம பக்கம்கூட வந்திருக்கிறார். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ஊட்டி எல்லாம் அவர் எடுத்த படங்களில் இருக்கின்றன. இங்கே நமக்கு வேண்டியது அவர் இமயமலைக்குப் போன மூன்று பயணங்கள்: 1863, 1864, 1866.

1863 ஜூலை கடைசியில் சிம்லாவிலிருந்து கிளம்பினார். ஏறக்குறைய பத்து வாரம். கூட சுமார் முப்பது கூலிகள். ஒரு கேமராவுக்கு முப்பது பேரா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து முறையைத் தெரிந்துகொண்டால் முப்பது குறைச்சல் என்று தோன்றும்.

அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகடுதான். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடி மேல் ஒரே சீராக ஓடவிட வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் போச்சு. பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் சில்வர் நைட்ரேட்டில் முக்க வேண்டும். ஈரம் காயும் முன் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காயும் முன்பே திரும்பக் கூடாரத்துக்குள் ஓடிவந்து கழுவ வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிஷம். அதனால் எங்கே படமோ அங்கே லேபரட்டரியும் கூடவே போகணும். கூடாரம், தகடுகள், ரசாயனப் புட்டிகள், கழுவுவதற்குத் தண்ணீர், இதெல்லாம் கூலிகள் முதுகில். துரையின் கட்டில், சமையல் சாமான், பிராந்திப் புட்டிகள் தனி.

தகடு ஏன் அவ்வளவு பெரிசாக இருக்கணும், சின்னதாக எடுத்துப் பெரிசு பண்ணிக்கொள்ளக் கூடாதா? அன்றைய காகிதத்துக்கு அவ்வளவு வேகம் இல்லை. தகட்டைக் காகிதத்தின் மேல் ஒட்டிவைத்து வெயிலில் காட்டித்தான் பிரதி எடுப்பார்கள். தகடு எந்த அளவோ படமும் அந்த அளவு. போர்ன் பயன்படுத்தியது 12 அங்குலத்துக்கு 10 அங்குலம். அதற்குத் தகுந்த மரப்பெட்டிக் கேமரா, அதற்குத் தகுந்த பித்தளை லென்ஸ். அக்டோபரில் சிம்லா திரும்பியபோது அவர் கையில் 147 நெகட்டிவ். பத்து வாரத்துக்கு 147! என் பையன் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் எடுத்துவிடுவான்.

இவ்வளவு பாடுபட்டுப் போன மனுஷர் அங்கிருந்து என்ன எழுதினார் தெரியுமா? அவர் பயண அனுபவங்களை லண்டன் போட்டோகிராஃபி பத்திரிகை ஒன்றுக்குத் தொடர் கடிதங்களாக எழுதினார். அதில் திரும்பத் திரும்ப வரும் குறை, இமயமலை போட்டோவுக்கு அடங்கவில்லை என்பது. கண்ணுக்கு அவ்வளவு பிரம்மாண்டமாக நிற்கும் மலை, கண்ணாடியில் விழும்போது சிறுத்துவிடுகிறது. முன்னால் ஓர் ஏரி, ஒரு மரம், ஒரு பாலம் என்று ஏதாவது இருந்தால்தான் படமாகிறது. அதனால்தான் அவருக்குக் காஷ்மீர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இங்கேதான் என் நண்பர் செய்ய இருந்த தப்பைச் சொல்லணும். மலை பெரிசு, அதனால் அகலமான லென்ஸ் வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். 10 எம்.எம்.மில் ஆரம்பிக்கிற வைட் ஆங்கிள் லென்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தார். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். அவருடைய கால்குலேட்டரையே வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பொருளின் உயரத்தைத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் எம்.எம்.மால் பெருக்கினால் சென்சார் மேல் விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். சோப்தாவிலிருந்து சௌகம்பா சிகரம் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். அதன் உயரம் 7,138 மீட்டர். முன்னால் இருக்கிற மலைகள் மறைத்தது போக நமக்குத் தெரியும் பனி ஒரு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை முப்பதால் வகுத்தால் பத்தில் ஒன்று. 18 எம்.எம். லென்ஸ் போட்டால் பிம்பம் 1.8 எம்.எம். நம் கையில் இருக்கிற சாதாரண டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சார் உயரம் 15 எம்.எம். சொச்சம். அதாவது படத்தில் எட்டில் ஒரு பங்குதான் மலை. மீதி எல்லாம் வானமும் பார்க்கிங்கில் நிற்கிற டாக்ஸியும். 10 எம்.எம். லென்ஸில் ஒரே ஒரு எம்.எம். மலை! அதே இடத்தில் 100 எம்.எம். போட்டுப் பாருங்கள், பிம்பம் 10 எம்.எம். படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மலை எழுந்து நிற்கும். அதுதான் நம் மனசு பார்த்த சௌகம்பா.

போர்னுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைய அமைப்பில் நீளமான லென்ஸ் என்றால் கேமராவும் அதே நீளத்துக்கு இழுபட வேண்டும். லென்ஸும் பருத்துப் போகும், இல்லாவிட்டால் வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் நேரம் கூடும், தகடு காய்ந்துபோகும். இன்னொரு பெட்டி, இன்னும் இரண்டு கூலி. இன்னொரு சங்கடமும் உண்டு. கொலோடியன் தகட்டுக்கு நீல நிறத்தைத்தான் நன்றாகத் தெரியும். நீல வானம் வெள்ளையாகக் கொதித்துவிடும், தேவதாரு மரம் கரிக்கட்டை. வெள்ளை வானத்தின் முன்னால் வெள்ளை மலை. போர்ன் படங்களில் பனிச்சிகரத்தின் விளிம்பு அவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்றால், அது அந்த மனிதரின் கைத்திறமை.

1866இல் கடைசிப் பெரிய பயணம். லாஹௌல், ஸ்பிதி வழியாகப் போய், மணிரங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அவர் கணக்குப்படி 18,600 அடி. அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு உலகத்தில் யாரும் அவ்வளவு உயரத்தில் போட்டோ எடுக்கவில்லை. பிறகு கங்கோத்ரி போய், பனிப்பாறைக்கு அடியிலிருந்து கங்கை வெளியே வருகிற கோமுகத்தை எடுத்தார். இன்றைக்குக் கோமுகம் எவ்வளவு பின்வாங்கிவிட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பழைய படங்கள்தான் சாட்சி.

இது வரைக்கும் போர்ன் துரை நம்ம ஹீரோ. அதே கடிதங்களில் இன்னொன்றும் இருக்கிறது. கூலிகள் அடிக்கடி சுமையை வழியில் இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போயிருக்கிறார்கள். போக மாட்டார்களா? தன் ஊரைத் தாண்டி, தன் வயல்வேலையை விட்டுவிட்டு, பனிக்குள் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருவருக்காக நடக்க வேண்டுமென்றால்? அப்படி ஒரு முறை ஓடினபோது, துரை கையில் ஒரு தடியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய், வீடுகளுக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து அடித்துக் கூட்டி வந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. படிக்கிறவர்கள் தன் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள் என்ற தைரியத்தோடு, சாதாரணமாக எழுதுகிறார். 147 நெகட்டிவுக்கும் கீழே அவர் பெயர் இருக்கிறது. அந்த முப்பது பேரில் ஒருத்தர் பெயரும் நமக்குத் தெரியாது.

நான் இதைப் படித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைக்கால ராத்திரி. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். "சே, என்ன மனுஷன்" என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம், அதற்கு இரண்டு மாசம் முன்புதான் நான் முதல் முறையாகத் துங்நாத் போய் வந்திருந்தேன்.

அந்த முறை ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் 150-600 எம்.எம். லென்ஸ் கடன் வாங்கினேன். லென்ஸ் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதற்கு ஒரு டிரைபாட், இன்னொரு வைட் லென்ஸ், கேமரா. பை ஆறு கிலோவைத் தொட்டது. சோப்தாவில் ஒரு நேபாளி பெரியவர், வயசு அறுபதைத் தொட்டிருக்கும், சுமை தூக்கக் கிடைத்தார். பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்தேன். (பாங்க்காரன் புத்தி.) என் பையோடு எங்கள் வீட்டுத் துணிப்பையையும் சேர்த்துக் கட்டி, நெற்றியில் பட்டை கொடுத்து அவர் நடந்தார். சோப்தாவிலிருந்து கோயில் மூன்றரை கிலோமீட்டர்தான், கல் பாவிய பாதை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறணும். வெறுங்கையோடு ஏறுகிற நமக்கே நாக்கு வெளியே வந்துவிடும்.

பாதி தூரத்துக்கு மேல், ஒரு வளைவைத் திரும்பினேன். பதினைந்து அடி தள்ளி, புல்சரிவில் ஆண் மோனால். புத்தகத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பச்சை, செம்பு, நீலம் எல்லாம் அதன் முதுகில் வெயிலுக்கு வெயில் மாறுகிறது. அலகால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. கேமரா எங்கே? பையில். பை எங்கே? ஒரு வளைவு கீழே. "லென்ஸ்! ஜல்தி!" என்று கத்தினேன். மோனால் ஒரு விசில் அடித்தது. அவ்வளவுதான், அப்படியே பள்ளத்தாக்குக்குள் சறுக்கிப் பறந்துவிட்டது.

பெரியவர் வளைவுக்கு அந்தப் பக்கம் சுமையை ஒரு கல்மேல் சாய்த்து நின்றுகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் பேசின இந்தியை இங்கே எழுத முடியாது. காசு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாய் என்பது அதில் மரியாதையான பகுதி. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாம்ஃபே சத்தத்துக்குப் பயப்படும் சாப்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் ஊரில் மோனாலுக்கு அதுதான் பெயர், நேபாளத்தின் தேசியப் பறவை அது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தங்கமணி, தமிழில், அவருக்குப் புரியாதபடி, ஆனால் பையனுக்குப் புரியும்படி சொன்னாள்: "பறவைய விரட்டினது நீங்க. திட்டு வாங்கறது அவரா?"

கையில் தடி இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, கதையை விட்ட இடத்துக்கு வருவோம். போர்ன் இந்தியாவை விட்டுப் போன சமயத்தில், 1871இல், ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் ஜெலட்டின் பூசிய உலர்ந்த தகட்டைக் கண்டுபிடித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது கடையில் வாங்கக்கூடிய சரக்காகிவிட்டது. கூடாரமும் புட்டிகளும் கீழே இறங்கின. முதுகுச்சுமையில் பாதி ஒரே அடியில் குறைந்தது. 1899இல் இத்தாலிக்காரர் விட்டோரியோ செல்லா, ஃப்ரெஷ்ஃபீல்ட் குழுவோடு கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்தார். 1909இல் கே-2 போனார். போர்ன் புலம்பிய அதே பிரச்சினைக்கு அவர் கண்ட வழி, மலையை ஒரே தகட்டில் அடைக்காமல் பக்கம் பக்கமாகப் பல தகடு எடுத்துச் சேர்ப்பது. நாமும் அதைச் செய்யலாம். 70 எம்.எம்.மில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஆறேழு படம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒட்டினால் வைட் லென்ஸ் கொடுக்காத மலைத்தொடர் கிடைக்கும். செலவு பூஜ்யம், எடை பூஜ்யம்.

1891 இன்னொரு முக்கியமான வருஷம். லண்டனில் டால்மேயர், ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் டெலிஃபோட்டோ லென்ஸைக் கொண்டுவந்தார்கள். குவிக்கிற கண்ணாடிக்குப் பின்னால் விரிக்கிற கண்ணாடி ஒன்றை வைத்தால், நீள லென்ஸின் வேலையைக் குட்டையான குழாயே செய்யும். இன்றைக்கு நாம் பையில் போடுகிற 300 எம்.எம். லென்ஸ் 300 எம்.எம். நீளம் இல்லாமல் இருப்பதற்கு மூல காரணம் இதுதான்.

இனி மிருகங்கள். போர்ன் காலத்துத் தகட்டில் உயிருள்ள மிருகம் விழாது. அது அசையாமல் நிற்க வேண்டுமே! அதனால் அந்தக் காலத்து வேட்டைப் படங்களில் எல்லாம் புலி செத்துக் கிடக்கும், துரை அதன் மேல் கால் வைத்துக்கொண்டிருப்பார். அதை மாற்றினவர் எங்கள் டேராடூன் பக்கத்துக் காடுகளில் வேலை பார்த்த வன அதிகாரி, எஃப். டபிள்யூ. சாம்பியன். (இவர் அண்ணன் தம்பி இருவருமே காட்டிலாகா. இந்தியக் காடுகளை வகை பிரித்த ஹாரி சாம்பியன் இவருடைய சகோதரர்தான்.) எஃப். டபிள்யூ.வுக்குத் துப்பாக்கி பிடிக்காது. பெரிய லென்ஸை நம்பிக்கொண்டிருக்கவும் இல்லை. புலி வருகிற தடத்தைப் படித்து, குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, அதைக் கேமராவோடும் மக்னீசியம் பொடி ஃபிளாஷோடும் இணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ராத்திரி புலி தானே நடந்து வந்து தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 1927இல் அந்தப் படங்களோடு அவர் புத்தகம் வந்தது. இரண்டு புலிக்கு ஒரே மாதிரிக் கோடு இருக்காது என்பதையும் இந்தப் படங்களை வைத்துச் சொன்னார். இன்றைய புலிக் கணக்கெடுப்பு நடப்பது இதே அடிப்படையில்தான்.

ஜிம் கார்பெட் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கேமராவை எடுத்ததற்குச் சாம்பியன் ஒரு தூண்டுதல். கார்பெட்டுக்கு வந்த சிக்கல் வேறு. அவருடைய சினிமா கேமரா ஓடுகிற சத்தம் கேட்டுப் புலி போய்விடும். அவர் செய்த வேலை அபாரம்: ஓடையைத் திருப்பிவிட்டுச் சின்னச் சின்ன அருவிகள் உண்டாக்கி, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் கேமராச் சத்தத்தை முழுகடித்தார். ஒரே ஃபிலிமில் ஏழு புலி. இதைப் படித்தபோது என் "ஜல்தி!" ஞாபகம் வந்து தொலைத்தது.

நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், அவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்துப் புத்தகமாக வந்திருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். முதுமலையில் யானைக்கும் காட்டெருமைக்கும் பக்கத்தில் போய்க் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவருடைய கேமரா கடையில் வாங்கியது இல்லை. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று தானே பொருத்திக்கொண்டது. கனத்தைக் கிண்டல் செய்து அதற்கு "சூப்பர் பாண்டரோஸா" என்று பெயர் வேறு வைத்திருந்தார். பொருள் கையில் இல்லாததைப் பழக்கத்தால் சரிக்கட்டின மனிதர். எந்த மிருகம் எந்த நேரத்தில் எங்கே நிற்கும், எவ்வளவு கிட்டே போனால் காதைத் திருப்பும் என்பது தெரிந்தால், லென்ஸில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்கலாம். எனக்குத் துங்நாத்தில் அப்படித் தெரிந்தவர், என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்தான். நான் கேட்கவில்லை.

பனிச்சிறுத்தை எடுக்கலாமா என்று பையன் கேட்கிறான். துங்நாத்தில் அந்த ஆசை வேண்டாம். காட்டில் உயிரோடு திரிகிற பனிச்சிறுத்தையை ஜார்ஜ் ஷாலர் முதன்முதலில் படம் பிடித்தது 1970இல், பாகிஸ்தானில் சித்ரால் பக்கம். 2008இல் உலகப் பரிசு வாங்கிய ஸ்டீவ் வின்ட்டரின் லடாக் படம்கூட, பனியில் கேமராவை மறைத்து வைத்துவிட்டு வந்து எடுத்ததுதான். சாம்பியனின் கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர், அவ்வளவே. 2024இல் வெளியான கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 718 சிறுத்தைகள். அதற்கெல்லாம் 600 எம்.எம். லென்ஸும் இரண்டு வார லீவும் வேண்டும். லீவு யார் கொடுப்பார்கள்?

இப்போது நண்பருக்குச் சொன்ன பதில். மலைக்கு 100 எம்.எம். போதும் என்று பார்த்தோம். மோனால் 70 செ.மீ. நீளம். இருபது மீட்டர் தூரத்தில் நின்றால் 300 எம்.எம். லென்ஸில் பிம்பம் பத்தரை எம்.எம். சென்சாரின் அகலம் 23 எம்.எம். சொச்சம், ஆக படத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைச்சலாகப் பறவை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆக, 70-300 என்ற ஒரே லென்ஸ், ஆட்டத்தைக் குறைக்கிற வசதியோடு. அது முக்கால் கிலோவுக்குள் அடங்கும். கோயிலுக்கும் குடும்பத்துக்கும், கேமராவோடு கொடுத்த அந்தப் பிளாஸ்டிக் 18-55. கடைக்காரர் அதைக் கேலி செய்வார், கண்டுகொள்ளாதீர்கள். வெளிச்சம் நிறைய இருக்கிற மலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. டிரைபாட் வேண்டாம், கைப்பிடிச் சுவர் இருக்கிறது. பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். பனியை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை கூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா பனியைச் சாம்பல் ஆக்கிவிடும். ராத்திரி அறைக்குள் வரும்போது வெளியிலேயே பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள், லென்ஸுக்குள் வேர்க்காது.

விலை மட்டுமே பார்த்தால் 150-600 அப்படி ஒன்றும் நஷ்டம் இல்லை, நல்ல லென்ஸ்தான். ஜீப்பிலிருந்து எடுக்கிற கார்பெட் காட்டுக்கு நானே சிபாரிசு செய்வேன். நடந்து ஏறுகிற இடத்துக்கு, தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏற முடிகிற லென்ஸைத்தான் நான் லென்ஸ் என்பேன்.

நேற்று ராத்திரி சாமான் கட்டினோம். கேமரா, இரண்டு லென்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் தோள்பையில் போட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. தங்கமணி ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சோப்தா டீக்கடைக்காரருக்குப் போன் பண்ணி அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். இந்த சீசனும் வந்திருக்கிறாராம். சுமை ஒன்றும் இல்லை, காலையில் ஐந்து மணிக்கு என் கூட நடந்து, டாம்ஃபே எங்கே மேயும் என்று காட்டினால் போதும், முழு நாள் கூலி என்று சொல்லச் சொன்னேன். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டு, "சுமை இல்லாமல் கூலியா? நம்ப மாட்டார் சாப். நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.